காணாததைக் கண்டேன் என்னாமை



சிதம்பரத்திலிருந்து ஒரு தகப்பனார் சென்ற மாதம் என்னிடம் வந்திருந்தார். அவருடைய மகன் டாக்டர் பட்டம் பெற்று நான்கு வருஷமாகிறது. பிற நட்சத்திரங்களைச் சுற்றும் கிரகங்களை ஆராய்கிறான். இரண்டு வருஷம் ஒரு தேசம், அடுத்த இரண்டு வருஷம் வேறொரு தேசம். இந்த உத்தியோகத்துக்குப் ‘போஸ்ட்-டாக்’ என்று பெயராம். “எட்டாத கிரகத்தை எண்ணிக்கொண்டிருந்தால் யாருக்கு என்ன லாபம், சாமி? ஊருக்கு வந்து வாத்தியார் வேலையாவது பார் என்று சொல்லட்டுமா?” என்று கேட்டார்.

லாபத்தைப் பற்றிய கேள்விக்கு விடை சுலபம். உண்மையை உண்மைக்காகவே தேடுவது மனித புத்தியின் இயல்பு. அதற்கெல்லாம் கூலிக்கணக்குப் பார்த்தால் பள்ளிக்கூடங்களில் பாதியை மூடவேண்டியதுதான். ஆனால் இந்த உத்தியோகத்துக்குள் வேறொரு கேள்வி மறைந்திருக்கிறது. அது மனச்சாட்சியைச் சேர்ந்தது.

அந்தக் கிரகங்களை அநேகமாக ஒருவரும் நேரில் காண்பதில்லை. கிரகம் தன் நட்சத்திரத்துக்கு முன்னால் கடக்கும்போது வெளிச்சம் சற்றே குறைகிறது, அதை அளக்கிறார்கள். நம் சூரியனைப் போன்ற நட்சத்திரத்தை வியாழன் போன்ற பெரிய கிரகம் கடந்தால் நூற்றில் ஒரு பங்கு குறையும். பூமி போன்றதானால் பதினாயிரத்தில் ஒரு பங்குகூடக் குறையாது. நட்சத்திரத்தின் கரும்புள்ளியும், கருவியின் நடுக்கமும் அதே அளவுக்கு ஏமாற்றக்கூடும். இந்த முறையாலும் வேறு முறைகளாலும் இதுவரை 6000க்கு மேற்பட்ட கிரகங்கள் உறுதியாகியுள்ளன. கிரகமென்று தோன்றிப் பின்னர் தள்ளப்பட்டவையும் ஏராளம்.

இப்போது அந்த வாலிபனின் நிலையை யோசித்துப் பாருங்கள். ஒப்பந்தம் முடிய ஆறு மாதமே இருக்கிறது. அடுத்த இடத்துக்கு விண்ணப்பம் போடவேண்டும். “கண்டேன்” என்னும் கட்டுரைக்குள்ள மதிப்பு, “தேடினேன், இல்லை” என்னும் கட்டுரைக்குக் கிடைப்பதில்லை. கையிலுள்ள அளவோ இரண்டுங்கெட்டான். “இருக்கலாம்” என்று எழுதுவதா, “இருக்கிறது” என்று எழுதுவதா? ஒரே ஒரு சொல். அதை மாற்றினால் பொய்யன் என்று எவரும் சொல்லமாட்டார்கள். சோதனை அங்கேதான் வருகிறது.

நம் தமிழ்நாட்டிலேயே இதற்கொரு பழைய உதாரணம் உண்டு. சென்னை நுங்கம்பாக்கத்தில் கிழக்கிந்தியக் கம்பெனியின் வானாராய்ச்சி நிலையம் இருந்தது. அதன் தலைவரான காப்டன் ஜேக்கப், ‘70 ஒபியூகி’ என்ற இரட்டை நட்சத்திரத்தின் ஓட்டம் கணக்கோடு ஒத்துவரவில்லை என்று கண்டார். அங்கே ஒரு கிரகம் இருப்பது பெரிதும் சாத்தியம் என்று 1855ல் எழுதினார். சுமார் நாற்பது வருஷத்துக்குப் பின், அமெரிக்கரான ஸீ என்பவர் அதே இடத்தில் மறைந்த துணை ஒன்று உண்டென்று அடித்துச் சொன்னார். அப்படியொன்று அங்கே நிலைத்திருக்க முடியாது என்று மோல்டன் என்ற இளைஞர் 1899ல் கணக்கிட்டுக் காட்டினார். ஸீயோ பத்திரிகைக்குக் கோபமாகக் கடிதம் எழுதினார். அந்தக் கிரகத்தை இன்றுவரை எவரும் உறுதிசெய்யவில்லை.

இருவரும் தவறினார்கள். ஆயினும் இருவரையும் ஒரே தராசில் நிறுத்தலாமா? ஜேக்கப் தம் கையிலிருந்த ஆதாரம் எவ்வளவோ அவ்வளவே சொன்னார். அது அறிவின் பிழை, குற்றமில்லை. மற்றவரின் உள்ளத்தைக் கடவுளே அறிவார். ஆனால் விருப்பம் அறிவை முந்திக்கொண்டு பேசினால், கிரகம் தற்செயலாக அங்கே இருந்துவிட்டாலும் அது பொய்ச்சாட்சிக்குப் பக்கத்து வீடுதான்.

2025 ஏப்ரலில் கேம்பிரிட்ஜிலுள்ள நிக்கு மதுசூதனின் குழுவினர், 124 ஒளி ஆண்டு தூரத்திலுள்ள கே2-18பி என்ற கிரகத்தில், பூமியில் கடல்வாழ் நுண்ணுயிர்கள் உண்டாக்கும் வாயுவின் அடையாளம் தெரிவதாக அறிவித்தார்கள். அது தற்செயலாக நேர்ந்திருக்க ஆயிரத்துக்கு மூன்று வாய்ப்பு உண்டு, இன்னும் பார்க்கவேண்டும் என்றும் சேர்த்தே சொன்னார்கள். அந்த அளவுகளை மீண்டும் ஆராய்ந்த வேறு குழுவினர் ஆதாரம் போதாது என்றார்கள். செய்தித்தாள்களுக்கோ தலைப்புக்கு “உயிர்” என்ற சொல்லே போதுமாயிருந்தது!

கடலூரில் இருந்துகொண்டு லெ ஜான்டியை மறக்கலாமா? அவரும் கிரகம் கடப்பதைக் காணவந்தவரே. சூரியனைச் சுக்கிரன் கடப்பதை. 1760ல் பிரான்சை விட்டுக் கிளம்பினார். 1761ல் புதுச்சேரி ஆங்கிலேயர் வசமாகிவிட்டதால் நடுக்கடலில் தவித்தார். அடுத்த கடப்புக்காக எட்டு வருஷம் காத்திருந்தார். 1769 ஜூனில் நமக்கு வடக்கே புதுச்சேரியில் கருவிகளோடு ஆயத்தமாயிருந்தபோது, அந்தக் காலையில் மேகம் மூடிக்கொண்டது. காணவில்லை என்றே எழுதினார். 1771ல் ஊர் திரும்பினால், அவர் இறந்தாரென்று எண்ணி உறவினர் சொத்தைப் பங்கிடத் தொடங்கியிருந்தார்கள்!

பெற்றோரே, இந்த இடத்தில் உங்கள் பங்கும் வருகிறது. தொலைபேசியில் மகனை அழைக்கும்போதெல்லாம் “என்னடா கண்டுபிடித்தாய்?” என்று கேட்காதீர்கள். வெறுங்கையோடு திரும்பினாலும் வீட்டில் சோறும் மரியாதையும் உண்டு என்று தெரிந்த பையன்தான் “இல்லை” என்று எழுதத் துணிவான். வாத்தியார் வேலைக்கு வரச்சொல்வதானால் அதைத் திறந்த கதவாகச் சொல்லுங்கள், தண்டனையாகச் சொல்லாதீர்கள்.

வீட்டார்மேல் மட்டும் பாரத்தைச் சுமத்துவதும் நியாயமல்ல. வேலையை இரண்டிரண்டு வருஷமாக வெட்டி வைத்தவர்களுக்கும் இதில் பொறுப்புண்டு. பூமியைப் போன்ற கிரகம் தன் சூரியனை ஒருமுறை சுற்றிவர ஒரு வருஷமாகும். மூன்று முறையாவது கடந்ததைப் பார்த்தால்தான் நம்புவது வழக்கம். மூன்றாவது கடப்பு வருவதற்குள் பையனின் ஒப்பந்தம் முடிந்துவிடுகிறது.