தம்பி, பட்டியலில் உன் பெயரை எழுது!

கல்முனை பிரதான வீதியில் எந்தக் கொமியூனிகேஷன் கடைக்குள்ளும் காலையில் நுழைந்து பார். பிறப்பு அத்தாட்சிப் பத்திரம், அடையாள அட்டை, காணி உறுதி, கட்டாருக்குப் போகிறவரின் பாஸ்போர்ட் என்று ஆளுக்கொரு காகிதத்தோடு சனம் நிற்கும். அப்படி ஒரு கடை திறக்கத் துணிந்தவன் நீ. விண்டோஸ் வாங்கக் காசில்லை, களவுக் கொப்பி போட மனமில்லை, உபுண்டு லினக்ஸ் போட்டாய். அந்தத் துணிச்சலுக்கே உன்னைக் கட்டிப் பிடிக்கலாம்! ஆனால் பழைய கெனன் ஸ்கேனரைச் செருகியதும், ஸ்கேனர் எதுவும் இல்லை என்று திரை சொல்லிவிட்டது. ஒரு கிழமை அதையே பார்த்துக்கொண்டு இருந்துவிட்டு, நேற்று மஃரிபுக்குப் பிறகு என்னிடம் வந்து ஒரே சொல்லில் முடித்தாய்: “ஏலா காக்கா.”

எது ஏலாது?

நடுக்கடலில் எஞ்சின் நின்றால் நம் மீனவர் வள்ளத்தை அங்கேயே விட்டுவிட்டு நீந்தியா வருகிறார்? மருதமுனையில் பாவிலே ஒரு நூல் அறுந்தால், நெசவாளர் தறியைக் கழற்றிக் கொழும்புக்கு அனுப்புகிறாரா? குனிகிறார். அறுந்த முனையைத் தேடுகிறார். முடிச்சுப் போட்டு, அடுத்த நிமிடமே நாடாவை ஓடவிடுகிறார். அந்தத் தறிச் சத்தத்தில் பிறந்து வளர்ந்த ஊர்க்காரன் நீ. எங்கே அறுந்திருக்கிறது என்று ஒருமுறையாவது குனிந்து பார்த்தாயா?

வா, இப்போது பார்ப்போம். டெர்மினலைத் திற. கறுப்புத் திரையைக் கண்டு மிரளாதே. அது உன்னைக் கடிக்காது. ‘எல்எஸ்யூஎஸ்பி’ என்று அடி. யூஎஸ்பியில் செருகியவை எல்லாம் வரிசையாக வரும். 04ஏ9 என்று தொடங்கும் இலக்கம் தெரிகிறதா? அது கெனனின் இலக்கம். எப்சன் என்றால் 04பி8. ஆக வயரில் பிழை இல்லை, ஸ்கேனரும் செத்துப் போகவில்லை. அடுத்து, ‘ஸ்கேன்இமேஜ்’ என்று அடித்து, ஓர் இடைவெளி விட்டு, ஒரு கோடும் பெரிய ‘எல்’லும் போடு. ஒன்றும் இல்லை என்கிறதா? அதே கட்டளைக்கு முன்னால் ‘சூடோ’ சேர்த்து அடி. பார், கெனன் பெயரைச் சொல்கிறது!

சூடோ போட்டால் வருகிறது, போடாவிட்டால் வரவில்லை. ஒரு கிழமையாக உன் தூக்கத்தைத் தின்ற பூதத்தின் முகம் இதுதான். கருவி சரி, டிரைவர் சரி, உன் மூளையும் சரி. ஒரு பட்டியலில் உன் பெயர் இல்லை, அவ்வளவுதான்! பட்டியலில் பெயர் இல்லாதவன் தன்னைத் தகுதி இல்லாதவன் என்று நினைத்துக்கொள்வது நம்முடைய பழைய வியாதி. கந்தோர் யன்னலில் “பெயர் இல்லை” என்றதும் தலையைக் குனிந்து திரும்பி வருகிறோமே, அதே வியாதி.

யார் வைத்த பட்டியல் இது? லினக்ஸின் மூத்த உறவான யுனிக்ஸ், 1969இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் பிறந்தது. ஒரே இயந்திரத்தைப் பலர் பங்கிட்டுப் பாவிப்பதற்காக வளர்ந்தது. ஒருவருடையதில் இன்னொருவர் கை வைக்காதிருக்க ஒவ்வொரு கோப்புக்கும் உடையவர், குழு, மற்றவர் என்று மூன்று படி வைத்தார்கள். அந்த உலகத்தில் ஸ்கேனரும் ஒரு கோப்புத்தான். நீ வயரைச் செருகும் கணத்தில் அதற்கொரு கோப்பு பிறக்கிறது. உடையவர் ‘ரூட்’ என்னும் பெரியவர். குழு எது என்பதை ‘யூடெவ்’ என்னும் வாசல் காவலாளி விதிக் கோப்பைப் பார்த்துத் தீர்மானிக்கிறார். பெரும்பாலும் அந்தக் குழுவின் பெயர் ‘ஸ்கேனர்’, சில இடங்களில் ‘எல்பி’. ஊகிக்காதே. ‘எல்எஸ்’ அடித்து ஓர் இடைவெளி விட்டு, ஒரு கோடும் சின்ன ‘எல்’லும் போட்டு, அந்தக் கோப்பின் பாதையைக் கொடு, குழுவின் பெயர் கண்ணுக்கு முன்னால் வரும். பிறகு ‘ஐடி’ என்று அடித்து, நீ எந்தெந்தக் குழுவில் இருக்கிறாய் என்று பார். இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்தாலே நூல் அறுந்த இடம் தெரிந்துவிடும்.

“அப்ப எல்லாத்துக்கும் சூடோவையே போட்டுட்டாப் போச்சே காக்கா?” என்கிறாய். மாட்டவே மாட்டேன் என்று சொல்! சூடோ என்றால் ரூட் பெரியவரின் தயவு. அந்தத் தயவில் எடுத்த ஸ்கேன் பெரியவரின் பெயரிலேயே சேமிக்கப்படும். நாளைக்கு அந்தப் படத்தைத் திருத்தப் போனால் மறுபடியும் அனுமதி இல்லை என்று வரும். ஒவ்வொரு அலுவலுக்கும் ஒரு பெரிய மனிசரின் கடிதத்தோடு கந்தோருக்குப் போகிறவனைப் பார்த்திருக்கிறாய் அல்லவா? ஊரே அவனைச் செல்வாக்கானவன் என்கிறது. அவனுக்குச் சொந்தமாக ஒரு காலும் இல்லை என்பது எனக்குத் தெரியும். ‘சீஎச்மோட் 666’ அடித்து வாசலை எல்லோருக்கும் திறந்துவிடச் சொல்லுவார்கள் சிலர். அது அந்த நேரத்துக்கு வேலை செய்யும். வயரைக் கழற்றிச் செருகினால் கோப்பு புதிதாகப் பிறக்கும், உன் திருத்தம் காற்றோடு போகும்.

உனக்கு வேண்டியது உன் பெயரில் உன் உரிமை. ‘சூடோ யூசர்மோட்’ என்று அடி. ஒரு கோடு, சின்ன ‘ஏ’, பெரிய ‘ஜி’. பிறகு குழுவின் பெயர், கடைசியில் உன் பெயர். அந்தச் சின்ன ‘ஏ’யை மட்டும் மறந்துவிடாதே, தம்பி! சேர்த்துவிடு என்று சொல்வது அந்த எழுத்துத்தான். அதை விட்டால், இதுவரை நீ இருந்த மற்றக் குழுக்களிலிருந்தெல்லாம் உன்னைத் தூக்கி வெளியே போட்டுவிடும். சூடோ போடும் உரிமையே பறிபோகலாம். துணிச்சல் வேறு, கண்ணை மூடிக்கொண்டு பாய்வது வேறு. குழுவில் பெயர் இருந்தும் ஸ்கேனர் வரவில்லையா? அப்படியானால் யூடெவின் விதியில் உன் ஸ்கேனருக்கு இடம் இல்லை. ‘எல்எஸ்யூஎஸ்பி’ காட்டிய அதன் இரண்டு இலக்கங்களையும் போட்டு ஒரு வரி விதியை நீயே எழுது. சட்டம் எழுதுகிறவன் ஆகிவிடு!

ஒரு பிரிண்டரால் உலகம் மாறிய கதை உனக்குத் தெரியுமா? 1980 வாக்கில் அமெரிக்காவின் எம்ஐடி ஆய்வுகூடத்தில் ரிச்சர்ட் ஸ்டால்மன் என்ற இளைஞர் இருந்தார். அங்கே வந்த ஸீரொக்ஸ் லேசர் பிரிண்டரில் அடிக்கடி காகிதம் சிக்கும். பழைய பிரிண்டரில் காகிதம் சிக்கினால் அச்சுக்குக் காத்திருக்கும் எல்லோருக்கும் செய்தி போகும்படி மென்பொருளைத் திருத்தி வைத்தவர் அவர். புதியதற்கும் அப்படிச் செய்ய மூல நிரலைக் கேட்டார்; தரமாட்டோம் என்றார்கள். “ஏலா” என்று ஊருக்குப் போகவில்லை அந்த மனிதர். யாரும் பார்த்துத் திருத்தக்கூடிய இயங்குதளத்துக்காக 1983இல் குனு திட்டத்தை அறிவித்தார். 1991இல் ஹெல்சின்கியில் 21 வயது மாணவன் லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதிய லினக்ஸ் கேர்னல் அதோடு சேர்ந்தது. நீ இன்று காசில்லாமல் பாவிப்பது அந்தக் கோபத்தின் விளைச்சல். உனக்கும் கொஞ்சம் கோபம் வரவேண்டாமா?

தூரத்துக் கதை வேண்டாமென்றால் நம் மண்ணுக்கு வா. 2004 டிசம்பர் 26, போயா தினம், ஞாயிற்றுக்கிழமை. மருதமுனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, காரைதீவு என்று கடல் சுனாமியாக ஏறி வந்த அந்தக் காலையை நான் உனக்குச் சொல்லத் தேவையில்லை. அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10,000க்கும் மேற்பட்டோர் போனார்கள். இருந்தவர்களில் எத்தனையோ பேருக்குத் தாங்கள் யார் என்று காட்ட ஒரு துண்டுக் காகிதம் மிஞ்சவில்லை. காணாமல் போனவர் யார், எந்த முகாமில் எத்தனை பேர், எந்த உதவி எங்கே போகிறது என்று சொல்லப் பட்டியல் வேண்டியிருந்தது. அந்த நேரத்தில் இலங்கையின் மென்பொருள் தொண்டர்கள் கூடி உட்கார்ந்து, ஒரு சில கிழமைகளில் எழுதியதுதான் ‘சஹானா’. முழுக்கத் திறந்த மூல நிரல். அடுத்த வருடமே பாகிஸ்தான் பூகம்பத்தில் கைகொடுத்தது. சமூக நலனுக்கான 2006ஆம் ஆண்டின் விருதைக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை அதற்குக் கொடுத்தது. நம் கடற்கரையின் கண்ணீருக்காக நம் நாட்டு விரல்கள் அடித்த நிரல் உலகம் சுற்றியது. நீயோ ஒரு வரி அடிக்கத் தயங்கி ஒரு கிழமை உட்கார்ந்திருக்கிறாய்!

உன் கடையில் இருக்கும் அந்தச் சின்னக் கண்ணாடியின் பெறுமதி இப்போது விளங்குதா? அடுத்த வெள்ளமோ புயலோ வந்தாலும் ஓர் உம்மாவின் காணி உறுதியின் பிரதி எங்கேயோ பத்திரமாக இருக்கும். அதற்கு ஐந்து நிமிட வேலையும் ஒரு சின்ன ‘ஏ’யும் போதும். விலை உயர்ந்த ஸ்கேனர் வரட்டும், கொழும்பிலிருந்து ஆள் வரட்டும் என்று யாருக்காகக் காத்திருக்கிறாய்?

சரி, அடித்துவிட்டாயா? உடனே சோதித்துப் பார்த்துவிட்டு, “இன்னும் வரல்ல காக்கா” என்று கத்தாதே. நீ உள்ளே நுழையும்போதுதான் கணினி குழுப் பட்டியலை வாசிக்கும். லொக்அவுட் பண்ணு. ஒரு பிளேன்டீ குடித்துவிட்டு வா. மறுபடி உள்ளே போ. உன் உம்மாவின் அடையாள அட்டையைக் கண்ணாடியில் கவிழ்த்து வை. இப்போது ஸ்கேன் எடு, சூடோ இல்லாமல்.

வெளிச்சம் நகருது பார்.