வேண்டாம் என்று வைத்த டேக்

முதலில் ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். சார்லி பார்க்கரின் 'லவர் மேன்' பதிவை நள்ளிரவுக்குப் பிறகு கேட்பதற்கென்றே ஒரு ப்ளேலிஸ்டில் தனியாக வைத்திருந்தேன். நண்பர்களுக்கு அனுப்பும்போது "லைட்டை அணைச்சிட்டு கேளு" என்று ஒரு வரியும் சேர்த்து அனுப்புவேன். பியானோ முன்னுரை முடியும். சாக்ஸபோன் வரவேண்டிய இடத்தில் வராது. பியானோக்காரர் இன்னும் கொஞ்ச தூரம் தனியாக இழுத்துக்கொண்டு போவார். அதற்குப் பிறகுதான் பார்க்கர் உள்ளே வருவார், கதவைத் தட்டலாமா வேண்டாமா என்று வாசலில் நின்று யோசித்துவிட்டு வருகிற ஆள் மாதிரி. அந்தத் தாமதம்தான் எனக்கு உயிர். மௌனத்தை வாசிக்கத் தெரிந்த மனுஷன் என்று அதைப் பற்றி நாலு பேரிடம் பேசியும் இருக்கிறேன்.

பிறகு அந்தப் பதிவின் கதையைப் படித்தேன். 1946 ஜூலை 29, ஹாலிவுட்டில் ஒரு ஸ்டூடியோ. ராஸ் ரஸ்ஸல் நடத்திய டயல் என்ற சின்ன கம்பெனிக்கான ரிக்கார்டிங். பார்க்கருக்கு ஹெராயின் கிடைக்காமல்போன காலம் அது, அதை ஈடுகட்ட மதுவைக் குடித்துத் தீர்த்திருந்தார். போதாததற்கு, அங்கே இருந்த மருத்துவர் கொடுத்த மாத்திரைகள் வேறு. நேராக நிற்கவே முடியாத நிலை. நான் மௌனத்தின் அழகு என்று கொண்டாடியது, எங்கே நுழைய வேண்டும் என்பதைத் தவறவிட்ட ஒரு மனிதனின் தடுமாற்றம். அன்று இரவு ஹோட்டலில் நிர்வாணமாகக் கீழே இறங்கி வந்தார், அவருடைய அறையில் தீப்பிடித்தது, போலீஸ் பிடித்துக்கொண்டு போனது. அடுத்த ஆறு மாதம் கமரியோ அரசு மனநல மருத்துவமனை. அப்போது அவருக்கு வயது 25.

அந்த டேக்கை ரஸ்ஸல் வெளியிட்டார். பார்க்கர் அதற்காக அவரை மன்னிக்கவே இல்லை. 1951இல் வேறு கம்பெனிக்காக அதே பாடலை மறுபடி வாசித்துப் பதிவு செய்தார். 1955இல் 34 வயதில் இறந்துபோனார். இன்றைக்கு டயல் பதிவுகளின் எந்த முழுத்தொகுப்பை எடுத்தாலும் 1946ஆம் வருஷத்து 'லவர் மேன்' அதில் இருக்கும். நல்ல அட்டை, நல்ல காகிதம், சுத்தம் செய்யப்பட்ட ஒலி. அவர் ஒழித்துவிட விரும்பிய மூன்று நிமிஷம் வருஷத்துக்கு வருஷம் தெளிவாகிக்கொண்டே போகிறது.

இதிலிருந்துதான் என் கேள்வி தொடங்குகிறது. ஒரு கலைஞர் 'இது வேண்டாம்' என்று வைத்ததைக் கேட்க நமக்கு உரிமை இருக்கிறதா? இல்லையென்றால், கேட்டுவிட்ட பிறகு என்ன செய்வது?

'காஃப்கா எரிக்கச் சொன்னார், மாக்ஸ் பிராட் எரிக்கவில்லை, நல்லதாப் போச்சு' என்று நமக்கு ஒரு ரெடிமேட் பதில் இருக்கிறது. இலக்கியம் படிக்கிறவர்கள் எல்லாரும் அந்தப் பதிலை ஒருமுறையாவது சொல்லியிருப்போம். ஆனால் ஜாஸ் விஷயத்தில் அது சரியாகப் பொருந்தவில்லை. எழுத்தில் முதல் வரைவு, இரண்டாம் வரைவு, இறுதி வடிவம் என்று ஒரு ஏணி இருக்கிறது. முதல் வரைவின் தப்புகளைத் திருத்தித்தான் இரண்டாவது வருகிறது. சின்ன ஜாஸ் குழுவில் அப்படி இல்லை. மூன்று பேரோ ஐந்து பேரோ உட்கார்ந்து ஒரு பாடலை வாசிக்கிறார்கள். அது டேக் ஒன்று. மறுபடி வாசிக்கிறார்கள், டேக் இரண்டு. இரண்டாவது முதலாவதின் திருத்தம் கிடையாது. அதே பாடலுக்குள் இன்னொரு வழியாகப் போய்ப் பார்த்தது. டேக் ஒன்றும் முழுசாக வாழ்ந்து முடித்த ஒன்றுதான்.

இதிலிருந்து இரண்டு எதிரெதிரான முடிவுக்கு வரலாம். ஒன்று: அப்படியானால் ஒதுக்கப்பட்ட டேக்கும் முழுப் படைப்புதான், அதைப் பூட்டி வைப்பது அநியாயம். இன்னொன்று: வாசிப்பு அந்தந்தக் கணத்தில் நடந்து முடிந்துவிடுவதால், கலைஞர் நிதானமாக உட்கார்ந்து யோசித்து எடுக்கிற ஒரே முடிவு 'இதை வெளியிடலாம், இதை வேண்டாம்' என்பதுதான். அதையும் பறித்துக்கொண்டால் அவருக்கு மிச்சம் என்ன? நான் பல நாள் முதல் கட்சியில் இருந்தேன். இப்போதும் முழுக்க வெளியே வந்துவிட்டேன் என்று சொல்ல முடியாது.

முதல் கட்சிக்கு நல்ல வாதங்கள் உண்டு. 1945 நவம்பரில் சவாய் கம்பெனிக்காகப் பார்க்கர் பதிவு செய்த 'கோ கோ'வை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் பாதியில் நின்றுபோன ஒரு டேக் மறுவெளியீடுகளில் கிடைக்கிறது. அறிமுகப் பகுதியை முடித்ததும் குழு 'செரோக்கி' என்ற பிரபலமான பழைய பாடலின் மெட்டுக்குள் போய்விடுகிறது. உடனே நிறுத்தப்படுகிறது. வேறொருவரின் மெட்டை வாசித்தால் ராயல்டி கொடுக்க வேண்டியிருக்கும் என்பது பொதுவாகச் சொல்லப்படும் காரணம். அடுத்த டேக்கில் மெட்டு இல்லை, அதன் அடியில் இருக்கும் கார்டு வரிசை மட்டும் இருக்கிறது. அதன்மேல் பார்க்கர் பறக்கிறார். ஒரு வீட்டின் சுவரை எடுத்துவிட்டுத் தூண்களுக்கு நடுவே ஓடுகிற மாதிரி. அந்த நின்றுபோன டேக் இல்லாவிட்டால், 'கோ கோ' எந்த வீட்டிலிருந்து வந்தது என்பதை என்னைப் போன்ற, முறையாக இசை படிக்காத ஆட்கள் காதால் புரிந்துகொண்டிருக்கவே மாட்டோம். இங்கே ஒதுக்கப்பட்ட டேக் யாரையும் சின்னவராக்கவில்லை.

இன்னொரு வகையும் இருக்கிறது. மைல்ஸ் டேவிஸின் 'கைண்ட் ஆஃப் ப்ளூ' 1959இல் இரண்டு நாட்களில் பதிவானது. மார்ச் 2ஆம் தேதி பதிவான மூன்று பாடல்கள் எல்பியின் முதல் பக்கத்தில் இருக்கின்றன. அன்று ஒரு டேப் மெஷின் லேசாக மெதுவாக ஓடியிருக்கிறது. அதனால் அந்த டேப்பைச் சரியான வேகத்தில் ஓட்டும்போது சுருதி கொஞ்சம் ஏறிக் கேட்கிறது. 1992இல், சரியான வேகத்தில் ஓடிய இன்னொரு மெஷினின் டேப்பிலிருந்து புதிய பதிப்பு வந்தது. அதாவது 33 வருஷம் உலகம் காதலித்த 'ஸோ வாட்', மைல்ஸும் கோல்ட்ரேனும் அந்த அறையில் வாசித்த சுருதியில் இல்லை. பழைய சுருதியில் மனசு பழகியவர்களுக்குப் புதியது கொஞ்சம் சோர்ந்த மாதிரிகூடத் தோன்றலாம். இருந்தாலும் இங்கே எது சரி என்பதில் எனக்குக் குழப்பமில்லை. ஏறின சுருதியை எந்தக் கலைஞரும் தேர்ந்தெடுக்கவில்லை, மெஷின் செய்த தப்பு அது. மெஷினின் தப்பை நீக்கும் மறுவெளியீடு, கலைஞர் செய்ததைத் திரும்ப அவர் கையிலேயே கொடுக்கிறது.

அப்படியானால் கேள்வி இப்படிச் சுருங்குகிறது: மறுவெளியீடு எதைத் திருத்துகிறது? மெஷினையா, மனிதரின் முடிவையா?

இந்த வித்தியாசம் எனக்குப் புரிந்தது பில் எவன்ஸ் ட்ரையோவால். 'கைண்ட் ஆஃப் ப்ளூ'வில் ஒரு பாடலைத் தவிர மற்றவற்றுக்கு பியானோ வாசித்த அதே எவன்ஸ். 1961 ஜூன் 25, ஞாயிற்றுக்கிழமை. நியூயார்க்கில் வில்லேஜ் வேன்கார்ட் என்ற நிலவறை கிளப். எவன்ஸ், பாஸ் வாசிக்கும் ஸ்காட் லஃபாரோ, டிரம்ஸில் பால் மோஷியன். மதியம் இரண்டு, ராத்திரி மூன்று என்று ஐந்து செட் வாசிக்கிறார்கள். ரிவர்சைட் கம்பெனிக்காக ஆரின் கீப்நியூஸ் எல்லாவற்றையும் பதிவு செய்கிறார். ஜூலை 6ஆம் தேதி, பதினொரு நாளில், லஃபாரோ கார் விபத்தில் இறந்துபோகிறார். 25 வயது. (பார்க்கர் அந்த ஸ்டூடியோவில் நின்றபோது இருந்த அதே வயது.) எவன்ஸ் உடைந்துபோய்ப் பல மாதம் மேடை ஏறவில்லை.

அந்த டேப்புகளிலிருந்து முதலில் வந்த ஆல்பம் 'சண்டே அட் த வில்லேஜ் வேன்கார்ட்'. ஆறே பாடல்கள். எவன்ஸும் கீப்நியூஸும் லஃபாரோவை மனதில் வைத்துத் தேர்ந்தெடுத்தார்கள். முதல் பாடல் 'குளோரியாஸ் ஸ்டெப்', கடைசிப் பாடல் 'ஜேட் விஷன்ஸ்', இரண்டுமே லஃபாரோ எழுதியவை. அட்டையிலும் அவர் பெயர் தனியாக இருக்கிறது. இறந்தவரின் குரலில் கதவு திறக்கிறது, அவர் குரலிலேயே சாத்திக்கொள்கிறது. சும்மா 'அன்றைய சிறந்த ஆறு' என்று பொறுக்கி எடுத்ததில்லை அது. ஒரு நண்பனுக்குச் செய்த காரியம்.

சிடி காலத்தில் இதே ஆல்பத்தின் மறுவெளியீடுகளில், ஒரு பாடல் முடிந்ததும் அதே பாடலின் ஒதுக்கப்பட்ட டேக்கை அடுத்து வைத்தார்கள். சிடியில் இடம் இருக்கிறது, வாங்குகிறவருக்குக் கூடுதலாக ஏதாவது தர வேண்டும். நல்ல எண்ணம்தான். ஆனால் இப்போது 'குளோரியாஸ் ஸ்டெப்' முடிந்தால் மறுபடியும் 'குளோரியாஸ் ஸ்டெப்'. கடைசியில் 'ஜேட் விஷன்ஸ்' முடிந்த பிறகு வர வேண்டிய அமைதி வருவதில்லை, இன்னொரு 'ஜேட் விஷன்ஸ்' ஆரம்பிக்கிறது. ஒரு ஸ்வரம்கூட நீக்கப்படவில்லை, சேர்க்க மட்டும்தான் செய்தார்கள். ஆனாலும் அந்த அஞ்சலி காணாமல் போய்விட்டது. சேர்ப்பதாலும் ஒன்றை அழிக்க முடியும் என்று எனக்குக் காட்டியது அந்த வரிசைதான்.

2005இல் அந்த நாளின் முழுப் பதிவும் மூன்று சிடியாக, வாசித்த வரிசையிலேயே வந்தது. அதில் முதல் பாடல் 'குளோரியாஸ் ஸ்டெப்'பின் முதல் டேக். பாடலின் நடுவில் மெஷினுக்குப் போகும் மின்சாரம் கொஞ்ச நேரம் நின்றதால் இசையில் ஓர் ஓட்டை விழுந்திருக்கும். முதல் ஆல்பத்தில் இதைச் சேர்த்திருக்கவே முடியாது. இங்கே அது உறுத்தவில்லை. ஏன் என்று யோசித்தால், இந்தத் தொகுப்பு தன்னை வேறு ஒன்று என்று நேர்மையாகச் சொல்லிக்கொள்கிறது: 'அன்று நடந்தது இது, ஓட்டையோடு சேர்த்து.' அந்த ஆறு பாடல் ஆல்பத்தின் இடத்தில் அது உட்காரப் பார்க்கவில்லை. ஆல்பமும் இருக்கிறது, நாளும் இருக்கிறது. எவன்ஸ் எதை எடுத்தார், எதை விட்டார் என்பது இரண்டையும் பக்கத்தில் வைத்தால் இன்னும் துலக்கமாகவே தெரிகிறது.

ஆக, ஒதுக்கியதை வெளியிடவே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. கலைஞரின் 'வேண்டாம்' என்பதும் அவருடைய படைப்பில் ஒரு பகுதி. அதை மீறி ஒன்றைக் கொண்டுவருகிற மறுவெளியீடு, அந்த 'வேண்டாம்' எங்கே விழுந்தது என்பதை மறைக்காமலாவது இருக்க வேண்டும். போனஸ் டிராக் என்ற பெயரில் அதைக் கரைத்துவிடக் கூடாது.

"செத்தவங்களுக்கு என்ன தெரியப்போகுது?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. லஃபாரோவுக்கு அந்த அஞ்சலியும் தெரியாது, அது கலைந்ததும் தெரியாது. ஆனால் இறந்தவருக்குத் தெரியாது என்பதால் எல்லாம் சரி என்றால், எவன்ஸ் அவருக்காக யோசித்து யோசித்துப் பாடல்களை அடுக்கியதற்கும் அர்த்தம் இல்லாமல் போகும். அந்த அடுக்கு நமக்கு அர்த்தமுள்ளதாகப் படுகிறது என்றால், இறந்தவருக்கு நாம் ஏதோ கடன்பட்டிருக்கிறோம் என்று ஏற்கெனவே ஒப்புக்கொண்டுவிட்டோம்.

இவ்வளவு சொன்ன பிறகும் 'லவர் மேன்' எந்தக் கணக்கிலும் அடங்குவதில்லை. அது மெஷினின் தப்பு கிடையாது. நிதானமாக உட்கார்ந்து ஒதுக்கிய டேக்கும் கிடையாது. தேர்ந்தெடுக்கும் நிலையிலேயே இல்லாத ஒருவரிடமிருந்து எடுக்கப்பட்டது. கம்பெனியைத் திட்டுவது எனக்குச் சுலபம். ஆனால் அந்த மூன்று நிமிஷத்தை எண்பது வருஷமாக உயிரோடு வைத்திருப்பது கம்பெனி மட்டுமா? வலி என்றால் ஆழம் என்று நினைக்கிற நம் பழக்கமும்தான். தெளிவாக, வேகமாக, சிரிப்போடு வாசிக்கிற பார்க்கரைவிட விழப்போகிற பார்க்கர் நமக்கு 'உண்மையானவர்' ஆகத் தெரிகிறார். ஒருவர் தன் வாழ்க்கையின் மிக மோசமான பிற்பகலில் இருந்ததைப் பார்த்துவிட்டு, 'இதுதான் நிஜமான நீ' என்று அவரிடமே சொல்வது போன்றது இது. அவர் அதை மறுத்திருக்கிறார். வாயால் மட்டுமில்லை, 1951இல் சாக்ஸபோனாலும் மறுத்திருக்கிறார். நான் அந்த மறுப்பைக் கேட்கவே இல்லை. அந்தப் பதிவு இருப்பதே எனக்கு ரொம்ப நாள் தெரியாது.

அதற்காக 1946ஐக் கேட்பதை நிறுத்திவிட்டேனா? இல்லை. நிறுத்திவிட்டேன் என்று சொன்னால் பொய். அதில் ஏதோ இருக்கிறது, இன்னமும் என்னைப் பிடிக்கிறது. நள்ளிரவு ப்ளேலிஸ்டிலிருந்து மட்டும் எடுத்துவிட்டேன். இப்போது அதைக் கேட்டால், முடிந்ததும் 1951ஐயும் கேட்கிறேன். அதில் அவர் வர வேண்டிய இடத்தில் வருகிறார். அவ்வளவுதான் வித்தியாசம் என்று சொல்லலாம், ஆனால் அந்த ஒரு நுழைவுக்காக அவர் ஐந்து வருஷம் காத்திருந்தார் என்று தெரிந்த பிறகு எனக்கு அது சின்ன விஷயமாகப் படவில்லை.

போன மாதம் ஒரு தம்பி ஜாஸ் கேட்க ஆரம்பிக்கணும், ஏதாவது அனுப்புங்க என்றான். இரண்டு 'லவர் மேன்'களையும் அனுப்பினேன். முதலில் 1951. லைட்டைப் பற்றி எதுவும் எழுதவில்லை.