மன்னிப்புக் கேட்ட இளைய பெருமாள்

கிஷ்கிந்தா காண்டத்தை ஸேவிக்கும்போதெல்லாம் நம்மைத் தடுத்து நிறுத்தும் இடம் ஒன்றுண்டு. மழைக்காலம் கழிந்தது. வாக்களித்தபடி பிராட்டியைத் தேட மஹாராஜர் முற்படவில்லை. பெருமாள் கடுமையாகவே செய்தி சொல்லியனுப்புகிறார். அது கேட்டு இளைய பெருமாள் சீறியெழ, கடுஞ்சொல்லை விலக்கி இதமாகப் பேசும்படி அப்பெருமாளே நியமித்தருளுகிறார். ஆயினும் கிஷ்கிந்தையில் வில்லின் நாண் ஒலிக்கவே செய்தது.

நடுங்கிய மஹாராஜருக்குத் திருவடி கூறிய உபாயம் ஒன்றே: குற்றம் செய்தவனுக்குக் கைகூப்புவதன்றி வேறு போக்கில்லை. அஞ்சலியின் ஏற்றத்திற்கு நம் பெரியோர் இவ்விடத்தை எடுத்துக்காட்டுவர். தாரையோ வேறொன்று செய்தாள். கணவன் குற்றமற்றவன் என்று அவள் வாதிடவில்லை. விச்வாமித்ரரும் காலத்தை மறந்தவரே என்றாள். வானர சேனையைத் திரட்ட முன்னமே ஆள் அனுப்பியாயிற்று என்பதையும் தெரிவித்தாள். இளைய பெருமாள் அறியாதிருந்தது இதுவே. கோபத்தில் ஒரு பங்கு எப்போதும் இப்படித் தெரியாமையால் வருவதன்றோ?

நம்மை நிறுத்துவது இதற்குப் பின் நிகழ்வது. மஹாராஜர் பணிந்த பிறகு, தாம் சொன்ன கடுஞ்சொற்களைப் பொறுக்கும்படி இளைய பெருமாள் வேண்டுகிறார். தவறியவர் மஹாராஜர்; காலம் கடத்தியதும் மெய். நியாயம் தன் பக்கம் இருக்கையில் ஒருவன் ஏன் மன்னிப்புக் கேட்க வேண்டும்?

நாம் வங்கியில் பணியாற்றிய காலத்தில் இக்கேள்வி நம் மேசைக்கே வந்தது. ஒரு ஜனவரியில் முதியவர் ஒருவர், ஓய்வூதியம் வரவில்லை என்று கிளை அதிரக் கூச்சலிட்டார். நவம்பரில் தர வேண்டிய வாழ்நாள் சான்றிதழை அவர் தரவில்லை. விதியை எடுத்துரைத்து, "படிக்கத் தெரியாதவரா நீர்?" என்றும் கேட்டுவிட்டோம். விதி சரியே; ஓர் எழுத்தும் பிழையில்லை. அருகிலிருந்த மூத்த எழுத்தர் அவரை அமர்த்தித் தண்ணீர் தந்து, "நவம்பரில் எங்கே இருந்தீர்கள், ஐயா?" என்று மட்டும் கேட்டார். இரண்டு மாதம் மருத்துவமனையில் மனைவியின் அருகே இருந்தாராம். கேட்டறிய நமக்கு அரை நிமிடம் போதியிருக்கும்.

குற்றம் செய்தார் திறத்துப் பொறை, கிருபை, சிரிப்பு, உகப்பு, உபகார ஸ்ம்ருதி ஆகிய ஐந்தும் வேண்டும் என்று ஸ்ரீவசந பூஷணத்தில் பிள்ளை லோகாசார்யர் காட்டியருளுகிறார். பொறைக்கு ஓரளவு முயன்றிருக்கிறோம். சிரிப்பை ஒருமுறை கைக்கொண்டபோது எதிரிலிருந்தவர் அதை ஏளனமாகவே எடுத்துக்கொண்டார். உள்ளே கிருபை இல்லாத சிரிப்பு வேறெப்படித் தோன்றும்? ஐந்தாவது நமக்கு இன்னும் எட்டாத தொலைவில் இருக்கிறது. அன்றோ நாம் ஐந்தையும் ஆராயும் நிலையில் இல்லை. குற்றம் செய்தவர் அவர் என்றே எண்ணியிருந்தோம்.

அந்த முதியவர் பின்னரும் மாதந்தோறும் வந்தார். நம் மேசையைக் கடந்து அந்த எழுத்தரிடமே செல்வார். ஒரு நாள் எழுந்து சென்று ஒரு வார்த்தை சொல்ல எண்ணினோம். நியாயம் நம் பக்கம் என்ற நினைவு இருக்கையை விட்டு எழவொட்டவில்லை. அவ்வாண்டிலேயே வேறு கிளைக்கு மாற்றம் வந்தது.