அம்மாவின் கையை வரையுங்கள்

சிவகாசி பக்கத்துத் தாயில்பட்டியிலிருந்து கவின் கலைக் கல்லூரிக்கு விண்ணப்பிக்க நினைக்கும் தம்பி, தங்கைகளே! நடிகர் படங்களைப் பார்த்து வரைந்து ஓவியத் தொகுப்பை நிரப்பாதீர்கள். அது கைப்பழக்கத்தைக் காட்டும். உங்கள் பார்வையைக் காட்டாது. கோவில்பட்டியில் இருந்தபடி சிவகாசி காலண்டர்களுக்குத் தெய்வங்களை வரைந்த கொண்டையராஜுவும், இன்று கவின் கலைக் கல்லூரியாக இருக்கும், 1850இல் தொடங்கிய சென்னை ஓவியப் பள்ளியில் முறையாகப் பயின்றவர்தான்.

பட்டாசு ஆலையிலிருந்து திரும்பி, களைத்து உட்காரும் அம்மாவின் கையை வரையுங்கள். நகக்கண்ணில் அலுமினியப் பொடி மின்னுகிறதா? வெள்ளை தீட்ட வேண்டாம். சுற்றிலும் பென்சிலை அழுத்தி இருட்டாக்கி, அந்த இடத்தை வெறும் தாளாகவே விடுங்கள். அச்சகத்தில் கழித்த தாளின் பின்பக்கமே போதும். சரியாக வராத படங்களையும் கிழிக்காமல், தேதி போட்டுச் சேர்த்து வையுங்கள். இன்றே ஒரு படம் போடுங்கள்.