மரபணு எனும் கூட்டுக் கணக்கு



சென்ற ஆடி அமாவாசையன்று ஆலயம் சென்று திரும்பிய மாலையில் எமது இல்லத்தில் ஒரு சிறு வழக்கு எழுந்தது. சூக் நகரில் பிறந்து வளர்ந்த எமது மகள், தபாலில் வந்த பெட்டியொன்றைத் திறந்து, உள்ளிருந்த சிறு குழாயை அப்பம்மாவிடம் நீட்டினாள். "அப்பம்மா, இதுக்குள்ளை கொஞ்சம் துப்புங்கோ. எங்கடை முன்னோர் ஆர், எங்களுக்குத் தெரியாத சொந்தக்காரர் எந்தெந்த நாட்டிலை இருக்கினம் எண்டு கண்டுபிடிக்கலாம்" என்றாள்.

எமது தாயார் முதலில் சிரித்தார். "எச்சிலைத் தபாலிலை அனுப்புற காலமே வந்திட்டுது?" என்றார். பின்பு குழாயை மேசையில் வைத்துவிட்டுச் சொன்னார்: "என்ரை கணக்கு எண்டால் தருவன் பிள்ளை. இது என்ரை கணக்கு மட்டுமில்லை. இடம்பெயர்ந்த காலத்திலை ஆர் ஆற்றை பிள்ளையைத் தூக்கி வளர்த்தவை எண்டு ஊரிலை எல்லாருக்கும் தெரியுமே? தெரியாமல் நிம்மதியாய் இருக்கிறவை அப்பிடியே இருக்கட்டும்."

நாம் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. ஆயினும் அன்றிரவு உறக்கம் வரவில்லை. ஊரில் கணக்கியல் கற்று, அகதியாய் இங்கு வந்து பல ஆண்டுகள் உணவகச் சமையலறையில் கோப்பை கழுவி, பின்னரே பேரேட்டுக்கும் ஐந்தொகைக்கும் திரும்பியவர் நாம். கூட்டுக் கணக்கு என்றால் என்னவென்று எமக்குத் தெரியும். பலருக்குச் சொந்தமான கணக்கை ஒருவர் கையொப்பத்தில் திறக்கலாமா? இதுவே இக்கட்டுரையின் கேள்வி.

முதலில் மகளின் பக்க நியாயத்தைப் பார்ப்போம். சுவிஸ் நாட்டவரின் கடவுச்சீட்டில் பிறந்த ஊர் இருப்பதில்லை. பூர்வீக ஊரே இருக்கும். பாட்டனின் பாட்டன் எந்த ஊர்க் குடிமகனோ, அந்த ஊரின் பெயரைப் பேரப்பிள்ளையும் சுமக்கிறான். 1876ஆம் ஆண்டு முதல் நாடு முழுவதும் பிறப்பு, இறப்பு, திருமணம் யாவும் அரசாங்கப் பதிவேட்டில் உள்ளன. எமது மகளுக்கோ, குடியுரிமை கிடைத்த நாளிலிருந்து பூர்வீக ஊர் சூக். அவளுடைய முன்னோரில் ஒருவர்கூட இந்த ஏரியைக் கண்டதில்லை! எமது பக்கத்தில் உள்ளவை என்ன? 1995 ஒக்ரோபர் 30ஆந் திகதி இரவு வலிகாமத்து மக்கள் மழையில் நாவற்குழிப் பாலம் கடந்தபோது, காணி உறுதிகளும் பிறப்பத்தாட்சிப் பத்திரங்களும் சாதக ஓலைகளும் எத்தனையோ வீடுகளில் கைவிடப்பட்டன. ஏடு அழிந்த இனத்தின் பிள்ளை, உடம்பிலே எழுதப்பட்டதையாவது வாசிப்போம் என்று எண்ணுவது குற்றமா? குற்றமன்று.

அடுத்து, அந்தக் குழாய் என்ன சொல்லும், என்ன சொல்லாது என்பதையும் அறிதல் வேண்டும். ஒவ்வொரு பிள்ளையும் மரபணுவில் பாதியைத் தாயிடமிருந்தும் பாதியைத் தந்தையிடமிருந்தும் பெறுகிறது. உடன்பிறந்தாரின் பிள்ளைகளிடையே சராசரியாக எட்டில் ஒரு பங்கு பொதுவாக இருக்கும். மூன்றாந் தலைமுறை ஒன்றுவிட்ட சகோதரரிடையே அது நூற்றில் ஒன்றுக்கும் குறைவு. அத்தகைய சோடிகளில் ஏறக்குறையப் பத்தில் ஒன்றுக்குச் சோதனையில் பொருத்தமே தென்படாது. உறவு உண்மை, சான்று பூச்சியம்! அத்துடன் எமது சமூகத்தில் மச்சான் மச்சாள் திருமணம் தலைமுறை தலைமுறையாக நடந்து வந்தது. ஒரே முன்னோர் பல வழிகளில் வந்து சேர்வதால், தூரத்து உறவும் கிட்டிய உறவுபோலத் தோன்றும். கணக்கில் ஒரே தொகையை இருமுறை பதிந்ததற்கு ஒப்பானது இது. போதாக்குறைக்கு, இந்நிறுவனங்களின் களஞ்சியத்தில் பெரும்பாலோர் ஐரோப்பிய வழிவந்தோர். எம்மவர் தொகை சொற்பம். ஆகவே பொதுவான முன்னோரைக் காண்பதற்குச் சோதனை மாத்திரம் போதாது. கிழவர் கிழவியரின் நினைவும் பக்கத்தில் இருக்க வேண்டும்.

இவ்விஞ்ஞானம் அகதிக்கும் அநாதைக்கும் செய்த நன்மையை நாம் மறத்தலாகாது. இங்கிலாந்தில் அலெக் ஜெஃப்ரிஸ் கண்டறிந்த மரபணு ரேகை முதன்முதலில் பயன்பட்டது கொலையாளியைப் பிடிப்பதற்கன்று. 1985இல் கானாவிலிருந்து திரும்பிய சிறுவன் ஒருவனை, அவன் தாயின் சொந்த மகன் என நிறுவி, தாயுடன் வாழ வழி செய்ததே அதன் முதற்பணி. எமது மண்ணிலும் ஒன்று நடந்தது. 2004 ஆழிப்பேரலையின் பின் கல்முனை வைத்தியசாலையில் 81ஆம் இலக்கத்துடன் கிடந்த கைக்குழந்தைக்குப் பலர் உரிமை கோருவதாகச் செய்திகள் வந்தன. 2005 பெப்ரவரியில் மரபணுச் சோதனையே அக்குழந்தையைப் பெற்றவரிடம் சேர்த்தது.

இன்னொரு கூட்டத்தாரும் எம்மருகிலேயே வாழ்கின்றனர். 1970களிலிருந்து 1990கள் வரை இலங்கையிலிருந்து 800க்கும் மேற்பட்ட குழந்தைகள் சுவிஸ் குடும்பங்களுக்குத் தத்துக் கொடுக்கப்பட்டனர். அவற்றுள் பலவற்றில் பத்திரங்கள் பொய்யானவை; நீதிமன்றில் தாயென நின்றவள் சில வேளைகளில் தாயே அல்லள், கூலிக்கு நிறுத்தப்பட்டவள். தமது அதிகாரிகளின் தவறை ஏற்றுக் கூட்டாட்சி அரசாங்கம் 2020 டிசம்பரில் வருத்தம் தெரிவித்தது. அப்பிள்ளைகள் இன்று எம் வயதினர். எம்மைப் போன்ற முகம், ஆனால் சுவிஸ் ஜேர்மன் மொழி. பத்திரம் பொய்யானபோது அவர்களுக்கு எஞ்சியிருப்பது எச்சில் மட்டுமே. தம் பிறப்பைப் பற்றிய தகவலைப் பெற ஒவ்வொருவருக்கும் உரிமையுண்டு என்று சுவிஸ் அரசியலமைப்பின் 119ஆம் உறுப்புரை கூறுகிறது. அவர்களுள் ஒருவர் எமது சபையாரிடம் வந்து, "என் தாயைத் தேட உதவுவீர்களா?" என்று கேட்டால், வேண்டாம் என்று சொல்ல எவருக்கு வாய் வரும்?

ஆனால் மறுபக்கமும் உண்டு. கலிபோர்ணியாவில் 1970களிலும் 80களிலும் கொலைகள் புரிந்த ஒருவர் 2018 ஏப்ரலில் பிடிபட்டார். அவர் எந்தக் குழாயிலும் துப்பவில்லை. வம்சாவளி தேடிய தூரத்து உறவினர் சிலர் பதிவுசெய்த மரபணுவே அவரைக் காட்டிக் கொடுத்தது. கொலையாளி பிடிபட்டது நல்லதே. ஆயின் ஒருவர் துப்பினால் அவர் முகமறியாத உறவினரும் பதிவாகிவிடுகின்றனர் என்பது அன்று உலகுக்கு விளங்கியது. இத்தொழிலில் பெயர்பெற்ற ட்வென்டித்ரீ அன்ட் மீ நிறுவனத்திலிருந்து 2023இல் சுமார் 69 இலட்சம் பேரின் விபரங்கள் கசிந்தன. 2025 மார்ச்சில் அந்நிறுவனம் வங்குரோத்துப் பாதுகாப்புக் கோரியது. வங்குரோத்தில் சொத்துகள் விலைபோகும் என்பது கணக்காளருக்குப் பாலபாடம். அந்த ஐந்தொகையில் சொத்தெனக் கருதப்பட்டது எது? பல இலட்சம் குடும்பங்களின் எச்சில்!

இன்னுமொரு நோக்கத்தையும் வெளிப்படையாகச் சொல்லிவிடுவோம். "எங்கள் பரம்பரை கலப்பில்லாதது" என்று நிறுவுவதற்காக இதை நாடுவோரும் எம்மிடையே உளர். அவர்கள் பணத்தை மிச்சம் பிடிக்கலாம். ஐதராபாத்தின் குமாரசாமி தங்கராஜ், ஹார்வாட்டின் டேவிட் ரைக் ஆகியோரின் குழுவினர் 2009, 2013ஆம் ஆண்டுகளில் வெளியிட்ட ஆய்வுகளின்படி, இந்தியாவின் ஏறக்குறைய எல்லாச் சமூகங்களும் கலந்து உருவானவையே. ஏறத்தாழ 4200 ஆண்டுகளுக்கும் 1900 ஆண்டுகளுக்கும் இடையில் பரவலாகக் கலந்தவர்களே பின்னர் வேலி போட்டுக்கொண்டனர். எண்ணிப் பாருங்கள்: பத்துத் தலைமுறைக்கு முன் ஒருவருக்கு 1024 முன்னோர் இடங்கள், இருபது தலைமுறைக்கு முன் பத்து இலட்சத்துக்கும் மேல். இத்தனை பேரில் எவரை வைத்துப் பெருமை கொள்வது, எவரை மறைப்பது?

அப்படியானால் இரகசியங்களை மூடியே வைப்பதுதான் தர்மமா? எமது தாயாரின் சொல்லை முழுதும் ஏற்கவும் எமக்கு இயலவில்லை. பாரதத்தில் குந்தி, கர்ணன் தன் மூத்த மகன் என்பதை, போர் முடிந்து இறந்தோருக்கு நீர்க்கடன் செலுத்தும் வேளையில்தானே தருமரிடம் கூறினாள்! முன்னரே தெரிந்திருந்தால் தமையனைக் கொன்றிருப்போமா என்று அவர் துடித்தார். காலம் கடந்து வரும் உண்மை ஆறுதல் தருவதில்லை. வளர்த்த பிள்ளை வளர்ந்த பின்னராவது, பெட்டியொன்று சொல்லுமுன் பெற்றோர் தம் வாயால் சொல்வது நலம். ஒரே செய்திதான், தாயின் மடியில் கேட்டால் அது அன்பு, கணினித் திரையில் கண்டால் அது அடி.

ஆகவே எமது முடிவு இது. பறிக்கப்பட்டதைத் தேடுபவருக்குக் கதவைத் திறப்பது கடமை. பெருமைக்காகத் தேடுபவர் விலகியிருப்பது நன்று. அறியும் ஆவலினால் தேடும் எமது மகளைப் போன்றோர், முதலில் மூத்தோரைக் கேட்க வேண்டும், மறுப்பவரை வற்புறுத்தலாகாது. தந்தை பிள்ளை உறவைத் தீர்மானிக்கும் சோதனைக்குச் சம்பந்தப்பட்டவரின் சம்மதம் வேண்டுமென்றே இந்நாட்டுச் சட்டமும் கூறுகிறது. சட்டம் தொடாத தூரத்து உறவுக்கும் அம்மரியாதையைக் கொடுப்பது எம் கடன்.

அமாவாசைத் தர்ப்பணத்தில் நாம் பெயர் சொல்லி அழைப்பது மூன்று தலைமுறையையே. இரத்த உறவல்லாதோருக்கும் அங்கே எள்ளும் நீரும் உண்டு. கோத்திரம் தெரியாதவரைச் சிவகோத்திரம் என்று சொல்லி ஏற்பதும் எமது வழக்கமே. பெற்றவரை மட்டுமன்றி வளர்த்தவரையும் உறவாக எண்ணிய முன்னோரின் பிள்ளைகள் நாம்.

மகள் குழாயை மீண்டும் பெட்டியில் வைத்தாள். அடுத்த ஞாயிறு ஒரு கொப்பியுடன் அப்பம்மாவின் அருகே அமர்ந்தாள். நான்கு தலைமுறை, அறுபத்துமூன்று பெயர்கள். ஒரு பெயருக்கருகில் மட்டும் அப்பம்மா சற்றுத் தயங்கி, "இதைப் பென்சிலாலை எழுது" என்றார். அவளும் ஏன் என்று கேளாமல் எழுதினாள்.

உங்கள் வீட்டிலும் முதியோர் இருப்பார்கள். அவர்கள் இருக்கும்போதே கேட்டெழுதி வையுங்கள். குழாய் பிறகும் கிடைக்கும்.

சிந்திப்போமாக.