எரிமீன் விட்ட கோடு

எரிமீன், விண்கல், எரிகொள்ளி, உற்கை என்று வானிலிருந்து எரிந்து விழும் பொருளுக்குத் தமிழில் பெயர்கள் பல. மீன் என்பது மின்னுதலோடு உறவுடைய சொல் என்பர்; எரிமீன் என்றதும் ஒளி நினைவுக்கு வருகிறது. விண்கல் என்றதும் கல்லின் திண்மை வருகிறது. எரிமீன் மழை பெய்யும் இரவில் தொலைதூர வானொலி நிலையம் ஒன்றைக் கேட்க விரும்புகிறவருக்கு இந்த இரண்டும் போதா. கல் ஆவியாகி, ஒளியும் அணைந்தபின் அவ்விடத்தில் சிறிது நேரம் ஒரு கோடு எஞ்சுகிறது. கண்ணுக்குத் தெரியாத அதற்குப் பெயரிட நம் முன்னோருக்குத் தேவை வரவில்லை. தடம் என்று வைத்துக்கொள்வோம். இனி வருவதெல்லாம் அந்தத் தடத்தைப் பற்றியதே.

தடத்துக்கு என்ன வேலை என்று அறிய, முதலில் பண்பலையின் இயல்பை அறியவேண்டும். அதிர்வெண் பண்பேற்றம் பெற்ற அலை ஆதலால் பண்பலை. இசையைக் குறிக்கும் பண் அதில் ஒலிப்பது தற்செயல் என்றாலும் இனிய தற்செயல். மத்திய அலையும் சிற்றலையும் இரவில் அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பி, நூற்றுக்கணக்கான, ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் அப்பால் இறங்கும். 88 முதல் 108 மெகாஹெர்ட்ஸ் வரையிலான பண்பலைக்கு அந்த மண்டலம் ஓட்டைச் சல்லடை. அலை ஊடுருவி விண்வெளிக்குப் போய்விடும். ஆகவே கோபுரத்தின் பார்வைக்கு எட்டிய தொலைவுதான் அதன் ஆட்சி; நூறு கிலோமீட்டர் தாண்டுவதே அரிது.

விதிக்கு விலக்குகள் உண்டு. இராமேசுவரத்திலும் நாகப்பட்டினத்திலும் இருப்பவர்களுக்கு இலங்கைப் பண்பலை கேட்பது புதுமையன்று. கடலின் மேல் வெம்மையும் ஈரமும் வேறுபட்ட காற்றடுக்குகள் அலையை வளைத்துக் கொண்டுவருகின்றன. அந்த வரவு மணிக்கணக்கில் நீடிக்கும்; மெல்ல ஏறும், மெல்ல இறங்கும். தடத்தால் வருவது அப்படியன்று. வந்தது என்று உணர்வதற்குள் போய்விடும்.

ஏன் அவ்வளவு குறுகிய வாழ்வு? மணல் பருமனுள்ள ஒரு துகள் வினாடிக்கு 11 முதல் 72 கிலோமீட்டர் வேகத்தில் காற்றுக்குள் நுழைகிறது. ஏறத்தாழ 120 கிலோமீட்டர் உயரத்திலிருந்து 80 கிலோமீட்டர் வரையிலான அடுக்கில் அது ஆவியாகும்போது, அணுக்களிலிருந்து எலக்ட்ரான்கள் பிய்த்தெறியப்படுகின்றன. பத்து, இருபது கிலோமீட்டர் நீளமும் தொடக்கத்தில் ஒரு மீட்டர் அளவே ஆரமும் கொண்ட மின்னூட்டக் கோடு ஒன்று பிறக்கிறது. பிறந்த கணத்திலேயே அது விரவி அகலத் தொடங்குகிறது. அகலம் அலைநீளத்தோடு ஒப்பிடத்தக்க அளவை எட்டியதும், கோட்டின் இந்தப் பக்கத்து எலக்ட்ரான் அனுப்பும் அலையும் அந்தப் பக்கத்து எலக்ட்ரான் அனுப்பும் அலையும் ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. மெல்லிய தடங்களில் அலைநீளம் இருமடங்கானால் தடத்தின் ஆயுள் நான்கு மடங்காகும். 100 மெகாஹெர்ட்ஸ் பண்பலையின் அலைநீளம் மூன்று மீட்டர். அதற்கு மெல்லிய தடம் ஒன்று வினாடியில் பத்தில் ஒரு பங்கு நேரம் நின்றாலே பெரிது. மீட்டருக்கு ஏறத்தாழ நூறு லட்சம் கோடி எலக்ட்ரான்களுக்கு மேல் செறிந்த தடித்த தடமோ உலோகக் கம்பிபோல் நடந்துகொள்ளும்; சில வினாடிகளும், அபூர்வமாக ஒரு நிமிடம் வரையிலும் நிற்கும்.

இங்கே ஒரு சொல்லாராய்ச்சி வேண்டியிருக்கிறது. இத்துறையினர் இந்நிகழ்ச்சியை எரிமீன் சிதறல் என்று குறிக்கிறார்கள். சிதறல் என்றதும், உடைந்த தேங்காய்போல எல்லாத் திசையிலும் தெறிப்பது என்று மனம் கொள்கிறது. தனி எலக்ட்ரான் ஒன்று அப்படித்தான் தெறிக்கிறது. ஆனால் கோடாக வரிசைகட்டி நிற்கும் எலக்ட்ரான்களின் அலைகள் ஒன்றோடொன்று இசைந்து கூடுவது, கண்ணாடியில் பட்ட ஒளி திரும்புமே, அந்தக் கோணத்தில் மட்டுமே. ஆகவே நிகழ்வது எதிரொளிப்புக்கு நெருங்கியது; காதில் விழுவதால் எதிரொலி என்றாலும் தவறில்லை. ளகரமும் லகரமும் இவ்வளவு பக்கத்தில் வந்து நிற்கும் இடம் அறிவியலில் அதிகம் இல்லை.

கோணம்தான் எல்லாம் என்பதைக் கண்முன் காட்டிய இரவு ஒன்று உண்டு. 1946 அக்டோபர் 9, 10 தேதிகளுக்கு இடைப்பட்ட இரவு. இங்கிலாந்தின் ஜோட்ரல் பேங்க். வானியலாளர் பெர்னார்ட் லவலின் குழுவினர், போர் முடிந்து மிஞ்சிய இராணுவ ரேடாரை வயலில் நிறுத்தி, ஜியாக்கோபினி-சின்னர் வால்மீனின் தூசிப் பாதையைப் பூமி கடக்கக் காத்திருந்தார்கள். நள்ளிரவில் விரல்விட்டு எண்ணும் அளவில் இருந்த எதிரொலிகள், விடியலுக்கு முந்தைய உச்சத்தில் மணிக்கு ஏறத்தாழ ஆயிரம் என்ற வீதத்துக்கு உயர்ந்தன. அந்த உச்சத்தில் அவர்கள் ஒரு காரியம் செய்தார்கள். எரிமீன்கள் புறப்பட்டு வருவதாகத் தோன்றும் புள்ளியை நோக்கியே வான்கம்பியைத் திருப்பினார்கள். எதிரொலிகள் ஏறக்குறைய நின்றுபோயின. பழைய நிலைக்குத் திருப்பியதும் மீண்டும் கொட்டத் தொடங்கின. எதிரே நேராக வரும் கோடு ரேடாருக்குத் தெரிவதில்லை; குறுக்கே கிடக்கும் கோடு தெரிகிறது. இதைவிடச் சுருக்கமான நிரூபணத்தை நான் படித்ததில்லை.

ரேடாருக்கு அனுப்புமிடமும் கேட்குமிடமும் ஒன்றே. வானொலி கேட்பவருக்கு அவை இரண்டு ஊர்கள். சட்டம் சற்று விரிகிறது. நிலையத்திலிருந்து வரும் அலை தடத்தில் எந்தக் கோணத்தில் விழுகிறதோ, அதே கோணத்தில் புறப்பட்டு நம்மிடம் வரவேண்டும். இரண்டு ஊர்களையும் குவியங்களாகக் கொண்டு வானில் ஒரு நீள்வட்டக் கூட்டைக் கற்பனை செய்தால், தடம் அதைத் தொட்டும் தொடாமலும் உரசிச் செல்லவேண்டும். நூறு கிலோமீட்டர் உயரத்திலுள்ள தடத்தை இருபுறமிருந்தும் காணக்கூடிய எல்லை ஏறத்தாழ 2,200 கிலோமீட்டர். சென்னையை வைத்துப் பார்த்தால் மும்பை, கொல்கத்தா, டெல்லி மூன்றும் இந்த வட்டத்துக்குள் அடங்குகின்றன.

கண்ணுக்கு நல்ல நேரம் காதுக்கு நல்ல நேரமாக இல்லாமல் போவது இதனால்தான். டிசம்பர் 14 ஒட்டி உச்சம் பெறும் ஜெமினிட் மழையை எடுத்துக்கொள்வோம். அதன் பிறப்புப் புள்ளி மிதுன ராசியில், காஸ்டர் விண்மீனுக்கு அருகே உள்ளது. தமிழ்நாட்டில் அதிகாலை இரண்டு மணி அளவில் அது தலைக்குமேல் சற்று வடக்கே நிற்கும். பார்ப்பவருக்கு அதுவே விருந்து. ஆனால் அப்போது தடங்கள் பெரும்பாலும் செங்குத்தாக விழுவதால் தொலைதூரக் கேள்விக்கு வாகாக அமைவதில்லை. புள்ளி வானத்தில் பாதி உயரத்தில் இருக்கும் இரவு பதினொரு மணியும் விடியற்காலை ஐந்து மணியும் ஒட்டிய வேளைகளே மேல். புறநானூற்றின் 229ஆம் பாடலில் கூடலூர் கிழார் ஒரு மீன் விழுந்ததைச் சொல்லுமுன், அவ்வேளையில் எந்தெந்த மீன் எங்கெங்கே நின்றது என்று திசைவாரியாகக் குறித்துவிடுகிறார். அவர் தேடிய பலன் வேறு, ஓர் அரசனின் ஆயுள். ஆனால் வானத்தின் நிலையை முதலில் எழுதிக்கொள்ளும் அந்த ஒழுங்கு இன்றைய கேட்பவருக்கும் வேண்டும்.

கேட்பது எப்படியிருக்கும்? உள்ளூர் நிலையம் எதுவும் இல்லாத ஒரு பண்பலை எண்ணில் வானொலியை நிறுத்துங்கள். பலவீனமான ஓசையை அடக்கும் வசதி இருந்தால் அணைத்துவிடுங்கள். அரிசி களைவது போன்ற இரைச்சல் மட்டும் வந்துகொண்டிருக்கும். பத்து நிமிடம், சிலவேளை அதற்கும் மேல், வேறொன்றும் இராது. திடீரென இரைச்சல் அறுந்து, அவ்விடத்தில் ஒரு தபலாத் தட்டு அல்லது இந்திச் சொல்லின் நடு அசை, உள்ளூர் நிலையம்போல் துல்லியமாக ஒலித்து மறையும். மங்கலாகத் தொடங்கி மங்கலாக முடிவதில்லை. வலுவான அலை கிடைத்ததும் இரைச்சலை முற்றாக விழுங்கிவிடுவது பண்பலை வாங்கியின் குணம். எந்த நிலையம் என்று அந்த அரை அசையிலிருந்து கண்டுபிடிப்பது வேறு வித்தை. தடித்த தடம் ஒன்று வாய்த்து முழு வாக்கியம் கிடைத்தால், அன்றிரவு தூங்கவே தோன்றாது.

இந்தியர் காதில் இவ்வரவு வேறொரு வடிவிலும் விழுந்திருக்கிறது. 1941இல் சமன்லால், வெங்கட்ராமன் என்ற இருவர், சிற்றலை நிலையத்தின் அலையைக் கேட்டுக்கொண்டிருக்கையில், உச்சத்தில் தொடங்கிச் சரேலென்று இறங்கும் விசில் ஒலிகளை எரிமீன்களோடு இணைத்து எழுதினார்கள். தடம் நீண்டுகொண்டிருக்கும்போது அதன் முனையில் பட்டுவரும் அலையின் அதிர்வெண் சற்று மாறியிருக்கும். நேராக வரும் அலையோடு அது கலக்க, இரண்டின் வேறுபாடு விசிலாகிறது. எரிமீன் குறுக்குக் கோணத்தை நெருங்க நெருங்க வேறுபாடு குறைந்து, சுருதி இறங்குகிறது.

அரை வினாடிக் கதவை வேலைக்கு வைத்தவர்களும் உண்டு. 1950களில் கனடா அமைத்த ஜேனட் என்ற செய்தித் தொடர்பு, இருமுகம் கொண்ட ரோமானியத் தெய்வம் ஜேனஸின் பெயரால் வந்தது. செய்தியைச் சேர்த்துவைத்து, தடம் திறந்த கணத்தில் இருபுறமும் ஒரே மூச்சில் கொட்டிவிடுவார்கள். இன்று ஹாம் எனப்படும் பொழுதுபோக்கு வானொலியர் இதற்கெனப் பயன்படுத்தும் கணினி முறைகளுக்கு வித்திட்டவர், இரட்டைப் பல்சார் ஆய்வுக்காக 1993இல் நோபல் பரிசு பெற்ற ஜோ டெய்லர், அவரும் ஹாம்.

திருவனந்தபுரத்தை அடுத்த தும்பாவில் 2004 முதல் 35.25 மெகாஹெர்ட்ஸில் இயங்கிய எரிமீன் ரேடார் தடத்தை இன்னொரு வகையில் பயன்கொண்டது. அலைநீளம் எட்டரை மீட்டர். பண்பலையைவிடத் தடம் அதற்கு நெடுநேரம் தெரியும். அந்நேரத்தில் தடம் அவ்வுயரத்துக் காற்றோடு நகர்கிறது. திரும்பிவரும் அலையின் அதிர்வெண் மாற்றத்தைக் கணக்கிட்டால் காற்றின் வேகம் கிடைத்துவிடும். பலூன் ஏற முடியாத, செயற்கைக்கோள் சுற்ற முடியாத எண்பது, தொண்ணூறு கிலோமீட்டர் உயரத்தில் காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்பதை, வெயிலடிக்கும் நண்பகலிலும் அங்கே அப்படித்தான் அளந்தார்கள்.