கூரைப் புல்லும் மரத்தடிக் காளானும்

ஒருவன் பிறனிடமிருந்து எடுத்த ஒன்றுக்கு ஈடாக வேறொன்றைக் கொடுத்துவிட்டால் அவனது கடன் தீர்ந்துவிடுமா? மனிதர்க்கிடையே பழைமையான இவ்வறவியல் வினா, இன்று மனிதனுக்கும் மண்ணுக்குமிடையேயும் எழுந்துள்ளது.

ஒல்லாந்தர் நெடுந்தீவுக்குச் சூட்டிய பெயர் நெதர்லாந்தின் டெல்வ்ற் நகரின் பெயராகும். அந்நகரத் தொழினுட்பப் பல்கலைக்கழகத்தில் 1998ஆம் ஆண்டு திறக்கப்பட்ட நூலகத்தின் கூரை ஒரு புல்வெளி. நிலமட்டத்திலிருந்து சரிவாக உயரும் அதன்மீது மாணவர் ஏறி அமர்வர். போலந்தின் வார்சோ பல்கலைக்கழக நூலகக் கூரையில் 2002இல் திறக்கப்பட்ட தோட்டம் ஒரு ஹெக்டயருக்கு மேற்பட்டது. இத்தகைய கூரைகள் மழைநீரைத் தேக்குகின்றன; கோடை வெப்பத்தைத் தணிக்கின்றன; வண்டினங்களுக்கு உணவளிக்கின்றன. கட்டடம் கவர்ந்த நிலம் கூரையிலே மீள அளிக்கப்பட்டுவிட்டது என வாதிடுவோர்க்கு இவை சான்றாகின்றன.

ஆயின், இலையுதிர்காலம் வேறொரு சான்றைக் கொணர்கிறது. ஈரம் மிகும் அப்பருவத்தில் அந்நாடுகளின் பேர்ச்சு மரத்தடிகளிலே வெண்புள்ளியிட்ட செந்நிறக் காளான்கள் தோன்றுகின்றன. சில நாள்களில் அழியும் காளான், ஆண்டு முழுவதும் மண்ணுள் வாழும் பூசணவலையின் வெளிப்பாடேயாகும். அவ்வலை மரவேரைப் போர்த்தி, நீரையும் கனியுப்புகளையும் அளித்து, மரம் ஆக்கிய வெல்லத்தைப் பெறுகிறது. இவ்வுறவுக்கு 1885இல் ஜேர்மானியத் தாவரவியலாளர் பிராங்க், ‘பங்கசுவேர்’ எனப் பொருள்படும் பெயரை இட்டார்.

பத்துச் சென்ரிமீற்றர் அளவேயான கூரைமண்ணில், காற்றில் வரும் வித்திகளாற் சிறு காளான்கள் முளைக்கலாம். பெருமரமும் அதன் வேர்சார்ந்த உறவும் அங்கு நிலைபெறா. பரப்பு திரும்பியது, உறவு திரும்பவில்லை. சதுர மீற்றரால் அளக்கத்தக்கதை மட்டுமே மனிதன் திருப்பிக் கொடுத்துள்ளான் என்பது ஈண்டு மனங்கொள்ளத்தக்கது.

அவ்வாறாயின் கூரைப் புல் வீண்வேடமா? அன்று. முழுமையாக ஈடுசெய்ய இயலாமை, இயன்றதைச் செய்யாதிருத்தற்கு நியாயமாகாது. அதேவேளை, இயன்றதைச் செய்தமை இன்னொரு மரத்தடியைத் தோண்டுவதற்கு அனுமதிச்சீட்டும் ஆகாது. கடன் தீர்ந்தமைக்குப் பற்றுச்சீட்டாக ஈட்டைக் கொள்வோர், அடுத்த கடனைக் கூசாது வாங்குவர். கடனை மறவாமைக்கு அடையாளமாகக் கொள்வோர் சற்றுத் தயங்குவர். எடுத்தபின் எவ்வளவு கொடுப்பது எனக் கணக்கிடுவதற்கு முன்னரே, எடுக்கத்தான் வேண்டுமா எனக் கேட்கச் செய்யும் அத்தயக்கத்திலேயே அறம் தொடங்குகிறது எனலாம்.